பதினோரு நிமிடம்

குத்தாயிசியில் பிப்ரவரி.
அரங்கின் மூன்று ஹீட்டர்களில்
ஒன்றுதான் எரிகிறது, அதுவும்
முதல் மேசைகளின் பக்கம்.
முதல் சுற்றின் விதி அப்படி:
பட்டியலின் மேல்பாதி கீழ்ப்பாதியைத் தின்னும்.
நான் நடுவர்.
தின்னும் சத்தம் வெளியே கேட்காமல் பார்த்துக்கொள்வது
என் வேலை.

நான்காம் மேசை.
வெள்ளை, எலிசோ த்வாலி,
இரண்டாயிரத்து நானூற்று எழுபத்தொன்று.
கறுப்பு, கோச்சா லெஜாவா,
ஆயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு.
அவள் கிராண்ட்மாஸ்டர்.
அவன், பத்துத் தெத்ரி நாணயம் போட்டால் மட்டும் ஏறும்
பழைய அடுக்குமாடி லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பவன்.
நகக்கண்ணில் கிரீஸ்.
கைகுலுக்கும் முன் கால்சட்டையில் துடைத்தான்,
இருமுறை.

பேருந்துக்கு நேரமாகிவிட்டவள்
வெங்காயம் நறுக்குவதுபோல் ஆடினாள் எலிசோ.
ஒவ்வொரு காயை நகர்த்தியதும் எழுந்துபோய்
மற்ற மேசைகளை வேடிக்கை பார்த்தாள்.
அவன் எழவே இல்லை.

இருபத்தாறாம் நகர்த்தலில்
அவளுடைய ராணி மூலைக்குப் போய்
ஒரு சிப்பாயைத் தின்றது.
பசியில்லை, பழக்கம்.
கடிகாரத்தை அழுத்திவிட்டு எழப்போனவள்
எழவில்லை.
பின்னால் நின்றிருந்த எனக்கும் தெரிந்துவிட்டது.

அவன் குதிரை பின்னால் வர வேண்டும்.
அவ்வளவுதான்.
ஒரே தாவல், தன் வீட்டுப் பக்கமாக.
வந்தால் மூலைக்கதவு சாத்திக்கொள்ளும்,
ராணி உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.
எழுநூற்று எண்பத்து மூன்று புள்ளிகள்
அந்த ஒற்றைக் கட்டத்தில் கிடந்தன,
யாரோ தவறவிட்ட சாவிக்கொத்தாக.

இந்த மாதிரி நேரத்தில் வலியவருக்கு
முகம் ஒன்றுதான் மிச்சம்.
எலிசோ அதை இறுக்கிப் பிடித்தாள்.
குதிரையைப் பார்க்கவில்லை.
மூலையைப் பார்க்கவில்லை.
எதையும் பார்க்காமலிருப்பதும் காட்டிக்கொடுக்கும் என்று
ராஜா பக்கத்துச் சிப்பாய்களைக்
கவலையோடு பார்த்தாள்.
அங்கே ஒன்றுமில்லை.
தேநீரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.
கழுத்தில் ஒரு நரம்பு மட்டும்
எந்த விதிக்கும் கட்டுப்படாமல் துடித்தது.

நான் நகர்ந்துவிட்டேன்.
நடுவரின் முகமும் ஒரு குறிப்புதான்.
ஜன்னலருகே நின்று ரியோனி ஆற்றைப் பார்த்தேன்.
சேற்றுத் தண்ணீர். ஒரு நாய். பாலத்தில் பால் வண்டி.
முதுகெல்லாம் கண்.

பதினோரு நிமிடம் யோசித்தான்.
பிறகு குதிரையைத் தொட்டான்.
(திரும்பிவிட்டேன், என்ன செய்வது.)
தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும்.
இரு மாடிகளுக்கு நடுவே மாட்டிய லிஃப்ட்போல
விரலிடுக்கில் அது ஒரு நொடி நின்றது.
முன்னால் வைத்தான்.
செக்.
அழகான செக், வீரமான செக்,
ஒன்றுக்கும் உதவாத செக்.
அவள் தேநீரைக் குடித்தாள்.

நாற்பத்தோராம் நகர்த்தலில் கை நீட்டினான்.
"எங்கே சறுக்கினேன்?"
"கடைசியில், யானைகளை மாற்றிக்கொண்டபோது" என்றாள்
பலகையைப் பார்த்தபடி.
இருவர் தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.
பொய்க்குச் சாட்சிக் கையெழுத்து கேட்கப்படவில்லை.

மறுநாள் காலை என்னிடம் வந்தான்.
வணக்கமில்லை, ஒன்றுமில்லை.
"குதிரை பின்னால்.
ராத்திரி ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து
கயிற்றுக்கு எண்ணெய் போடும்போது தெரிந்தது.
அவளுக்குத் தெரியும், இல்லையா?"
நான் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.
"எவ்வளவு நேரம் யோசித்தேன்?"
அதைச் சொல்லலாம், கடிகாரத்துக்கே தெரிந்ததுதான்.
"பதினோரு நிமிடம்."
தங்கப்பல் தெரியச் சிரித்தான்.
"பதினோரு நிமிடம்
ஒரு கிராண்ட்மாஸ்டர் என்னைக் கண்டு பயந்திருக்கிறாள்."
கூலியை எண்ணிப் பையில் போடுபவன்போல
இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான்.

இரண்டாம் சுற்று, அறுபத்திரண்டாம் மேசை.
ஹீட்டர் எட்டாத மூலை.
எதிரே தெக்லே, பத்து வயது,
ஆயிரத்து நூற்று இருபது,
காலணி தரையைத் தொடவில்லை.
கோச்சா இன்று வேகமாக ஆடினான்.
நடுநடுவே எழுந்து மற்ற மேசைகளைப் பார்த்தான்.
பதினெட்டாம் நகர்த்தலில்
ஓரத்துச் சிப்பாய் ஒன்றைத் தின்றான்,
கடிகாரத்தை அழுத்தினான்,
எழப்போனான்.

மெதுவாக உட்கார்ந்தான்.
தன் ராஜா இருந்த பக்கத்தை
மிகுந்த கவலையோடு
பார்க்கத் தொடங்கினான்.